முன்னால் போகிறவருக்குத்தான் கரி விலை அதிகம்: பவர் கிரிட் ஆட்டத்தில் வரிசையும் வருமானமும்

ஏலச்சீட்டு கட்டியவர்களுக்கு இந்த ஆட்டத்தின் பாதி முன்பே தெரியும். முதல் மாதமே சீட்டை எடுக்கிறவர் நிறையத் தள்ளித்தான் எடுக்க வேண்டும். பொறுத்திருப்பவருக்குத் தள்ளு குறைவு, கையில் வரும் தொகை அதிகம். பவர் கிரிட்டில் சீட்டுக்குப் பதில் மின்நிலையம் ஏலத்துக்கு வருகிறது, அவ்வளவுதான். ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ரீடமான் ஃப்ரீஸ் வடிவமைத்த பலகை ஆட்டம் இது. இப்போதுள்ள வடிவம் 2004இல் வந்தது. பலகையில் ஆடினாலும் ஆன்லைனில் ஆடினாலும் விதி ஒன்றே. ஆனால் ஆன்லைனில் கணக்கைக் கணினி போட்டுவிடுவதால், ஏன் பணம் குறைகிறது என்பதே பலருக்குப் புரிவதில்லை. ஊர் அதிகம், வருமானம் அதிகம், ஆனாலும் கையில் காசு இல்லை என்று புலம்புகிறவர்களுக்காக இந்தப் பதிவு.

ஒரு சுற்றில் ஐந்து கட்டம். வரிசை முடிவாகும், மின்நிலையம் ஏலம் போகும், எரிபொருள் வாங்குவோம், ஊர்களுக்கு லைன் இழுப்போம், கடைசியில் மின்சாரம் கொடுத்துப் பணம் வாங்குவோம். பணத்தின் பெயர் எலெக்ட்ரோ. ஆரம்பத்தில் ஆளுக்கு 50.

வரிசைதான் இந்த ஆட்டத்தின் முதுகெலும்பு. யாரிடம் லைன் இழுத்த ஊர் அதிகமோ அவர் முதல் ஆள். ஒவ்வொரு மின்நிலையமும் எண் போட்ட ஒரு அட்டை; ஊர் எண்ணிக்கை சமம் என்றால் பெரிய எண் கொண்ட மின்நிலையம் வைத்திருப்பவர் முன்னால். ஏலத்தில் முதல் ஆள்தான் தொடங்க வேண்டும். எரிபொருள் வாங்குவதும் லைன் இழுப்பதும் தலைகீழ்: கடைசி ஆள் முதலில், முதல் ஆள் கடைசியில். ஆக முன்னணியில் இருப்பவருக்கு மூன்று இடத்திலும் அடி. ஏலத்தில் எல்லோருக்கும் முன்னால் வாயைத் திறக்க வேண்டும், எரிபொருள் எல்லோரும் அள்ளியது போக மீதிதான், நல்ல ஊர்களையும் அதற்குள் மற்றவர்கள் பிடித்திருப்பார்கள்.

நான்கு பேர் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். கடலூர்க்காரரிடம் 5 ஊர். நெய்வேலிக்காரரிடமும் பாகூர்க்காரரிடமும் தலா 4. வில்லியனூர்க்காரரிடம் 3. நெய்வேலியிடம் 20ஆம் எண் நிலையம், பாகூரிடம் பெரியது 16. ஆகவே வரிசை கடலூர், நெய்வேலி, பாகூர், வில்லியனூர். எரிபொருள் வாங்கும்போது வில்லியனூர் முதல், கடலூர் கடைசி.

கரிச் சந்தையில் 1 முதல் 8 வரை விலைப் படிகள். ஒரு படியில் மூன்று கட்டிதான் நிற்கும். மலிவானது முதலில் போகும், போகப்போக விலை ஏறும். இப்போது 3 விலையில் ஒன்று, 4 முதல் 8 வரை ஒவ்வொன்றிலும் மூன்று, ஆக 16 கரி இருக்கிறது. வில்லியனூரின் 8ஆம் எண் நிலையத்துக்கு 3 கரி வேண்டும். 3, 4, 4 என்று 11க்கு முடிந்தது. பாகூர் எண்ணெய்க்காரர், கரி பக்கமே வருவதில்லை. நெய்வேலியின் 20க்கு 3 கரி: 4, 5, 5, மொத்தம் 14. கடலூரிடம் 15, 10 என்று இரண்டு கரி நிலையம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரி. 5, 6, 6, 6 என்று 23 கொடுக்கிறார். இதே நான்கு கரியை முதல் ஆளாக வாங்கியிருந்தால் 15தான் ஆகியிருக்கும். அந்த 8 எலெக்ட்ரோ, முன்னால் நிற்பதற்கான வாடகை.

இனி வருமானம். மின்சாரம் கொடுத்த ஊர் எண்ணிக்கைக்கு ஒரு அட்டவணை இருக்கிறது. ஒன்றுக்கும் கொடுக்காவிட்டாலும் 10 வரும். 1 ஊருக்கு 22, 2க்கு 33, 3க்கு 44, 4க்கு 54, 5க்கு 64, 6க்கு 73, 7க்கு 82, 8க்கு 90, 9க்கு 98, 10க்கு 105. அதன் பிறகு 112, 118, 124, 129, 134, 138, 142, 145, 148 என்று நடந்து 20 ஊருக்கு 150. முதல் ஊர் 12 சேர்க்கிறது. ஐந்தாவது ஊர் 10 சேர்க்கிறது. பதின்மூன்றாவது 6, இருபதாவது வெறும் 2. இந்தக் கூடுதல் தொகையைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும், மொத்தத் தொகையை அல்ல. மொத்தம் திரையிலேயே தெரியும்.

நம் நான்கு பேரையும் தராசில் வைப்போம். கடலூர் 5 ஊருக்கு 64 வாங்கி, கரிக்கு 23 போக 41. நெய்வேலி 54 வாங்கி 14 போக 40. ஒரு ஊர் கூடுதலாகக் கட்டி, கரியும் ஒன்று கூடுதலாக எரித்த கடலூருக்கு மிஞ்சியது ஒரே ஒரு எலெக்ட்ரோ! வில்லியனூருக்கு ஒரு குப்பை நிலையமும் உண்டு (6ஆம் எண், ஒரு குப்பைக்கு ஒரு ஊர்). குப்பை 7, கரி 11 போக 44இல் மிஞ்சுவது 26. பாகூர்தான் சத்தமில்லாமல் சாப்பிடுகிறவர். அவருடைய 16ஆம் எண் இரண்டு எண்ணெய்க்கு 3 ஊர், 9ஆம் எண் ஒரு எண்ணெய்க்கு ஒரு ஊர். எண்ணெய் ஆரம்ப விலையான 3லேயே நிற்கிறது. மூன்று எண்ணெய்க்கு 9. அவருக்கு 54இல் 45 மிச்சம்.

அடுத்த சுற்றைப் பாருங்கள், கதை இன்னும் தெளிவாகும். ஆட்டம் மூன்று நிலைகளாக நகரும்; நான்கு பேர் ஆட்டத்தில் முதல் நிலையில் சுற்றுக்கு 5 கரி, 3 எண்ணெய், 2 குப்பை, 1 யுரேனியம் சந்தைக்கு வரும். எரிந்தது 10 கரி, வந்தது 5. காலியாக இருக்கும் படிகளில் அதிக விலைப் படியிலிருந்து கீழ்நோக்கி நிரப்புவார்கள். ஆகவே 6 விலையில் மூன்று, 5 விலையில் இரண்டு. மலிவான கரியே இப்போது 5. வரிசையும் தேவையும் மாறாவிட்டால் வில்லியனூர் 16, நெய்வேலி 19, கடலூர் 30. கடலூருக்கு மிச்சம் 34, நெய்வேலிக்கு 35. ஊர் குறைந்தவர் முந்திவிட்டார். பாகூர் மூன்று எண்ணெய் எரித்தார், மூன்று வந்தது, விலை அசையவில்லை, அதே 45.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டுவதையே பார்த்து வளர்ந்த மாவட்டம் என்பதால் நம் ஆட்கள் ஆட்டத்திலும் கரி நிலையத்தைக் கண்டால் கை தூக்கிவிடுகிறார்கள். கரி தொடக்கத்தில் மலிவுதான், 1 விலையிலிருந்தே கிடைக்கும். ஆனால் மூன்று பேர் கரியில் இருந்தால் நான்காவது ஆளாக அதில் இறங்காதீர்கள். ஏலத்தில் 5 எலெக்ட்ரோ கூடக் கொடுத்தாவது எண்ணெயோ குப்பையோ எடுங்கள். அந்த 5 இரண்டு சுற்றில் திரும்பி வந்துவிடும். யுரேனியம் வேறு கதை. ஆரம்பத்தில் 14, 16 விலையில் இரண்டே துண்டு நிற்கும். யாரும் தொடாமல் நான்கைந்து சுற்று ஓடினால் விலை படியிறங்கும், அப்போது ஒரு யுரேனியத்துக்கு 4 ஊர் கொடுக்கும் 28ஆம் எண் பொன்னாகிவிடும்.

எரிக்காமல் விடுவதும் ஒரு கணக்கு. விதிப்படி இருக்கும் எல்லா நிலையத்தையும் ஓட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. மேலே சொன்ன இரண்டாவது சுற்றில் கடலூருக்குக் கடைசி இரண்டு கரியும் 8 விலை, மொத்தம் 16. அதனால் 3 ஊர் 5 ஊராகிறது, வருமானம் 44இலிருந்து 64. 20 வருகிறது, 16 போகிறது, ஓட்டலாம். அதே இடத்தில் 4ஆம் எண் நிலையம் இருந்திருந்தால்? அது இரண்டு கரி தின்று ஒரே ஊருக்குத்தான் கொடுக்கும். 16 செலவழித்து 10 வாங்குவது எந்த ஊர் வியாபாரம்? வாங்காமல் விட்டுவிட வேண்டும். புதியவர்கள் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் நிரப்பிவிடுகிறார்கள். ஆட்டம் முழுக்க இதில் மட்டும் நாற்பது ஐம்பது எலெக்ட்ரோ கரைந்துவிடும்.

பதுக்கலுக்கும் இடம் உண்டு. ஒரு நிலையம் தனக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளலாம். முதல் சுற்றிலேயே வில்லியனூர் மூன்றுக்குப் பதில் ஆறு கரி வாங்கினால் 3, 4, 4, 4, 5, 5, மொத்தம் 25. கூடுதல் மூன்றின் விலை 14. அடுத்த சுற்றில் அதற்கே 16 கொடுக்க வேண்டியிருந்தது. அவருக்கு லாபம் இரண்டுதான். ஆனால் நெய்வேலியின் செலவு 14இலிருந்து 17 ஆகிறது, கடலூரின் செலவு 23இலிருந்து 27. இரண்டு எலெக்ட்ரோ லாபத்துக்காக இல்லாமல், மற்ற இருவரையும் ஏழு எலெக்ட்ரோ அழுத்துவதற்காகச் செய்வது இது. அந்த 14ஐக் கரியில் முடக்கியதால் ஒரு ஊர் கட்ட முடியாமல் போகிறதென்றால் செய்யக் கூடாது.

ஏலத்துக்கு வருவோம். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் காலையில் மீன் ஏலம் கேட்டவர்களுக்குச் சத்தம் இல்லாத இந்த ஏலம் சப்பென்று இருக்கும். ஆனால் குழப்பம் இதில்தான் அதிகம். திரையில் எட்டு நிலையங்கள் எண் வரிசையில் நிற்கும். சின்ன எண் நான்கும் இன்றைய சந்தை, பெரிய எண் நான்கும் வரப்போவது. இன்றைய நான்கில் ஒன்றைத்தான் ஏலத்துக்கு எடுக்கலாம். நிலையத்தின் எண்தான் குறைந்தபட்ச விலை. ஒருவர் ஒரு சுற்றில் ஒரு நிலையம்தான் வாங்க முடியும். முதல் சுற்றில் எல்லோரும் ஒன்று வாங்கியே ஆக வேண்டும்.

பாஸ் என்பதில் இரண்டு வகை. வேறு ஒருவர் எடுத்த நிலையத்துக்குப் பாஸ் சொன்னால் அந்த நிலையத்தை மட்டும் விட்டீர்கள், அடுத்ததில் கலந்துகொள்ளலாம். ஆனால் நிலையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய முறை உங்களிடம் வந்து, அப்போது பாஸ் சொன்னால் அந்தச் சுற்றுக்கு ஏலமே முடிந்தது, வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஆன்லைனில் இரண்டுக்கும் ஒரே மாதிரி பொத்தான் இருந்தால் கண் மூடி அழுத்திவிட்டு, அப்புறம் ஏன் தன்னைக் கேட்கவில்லை என்று தேடுவார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த நிலையத்தை வேறொருவர் அதிகம் கேட்டு எடுத்துக்கொண்டால் கவலை இல்லை, மறுபடி நீங்களே இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு நிலையம் விற்றதும் அட்டைக் கட்டிலிருந்து புதிய அட்டை வந்து, எட்டும் திரும்ப எண் வரிசையில் அடுக்கப்படும். ஏலத்தின் சூதாட்டம் இங்கேதான். இன்றைய சந்தையில் 11, 12, 13, 18. வரப்போவதில் 21, 22, 25, 30 என்று வையுங்கள். கடலூர் 13ஐ எடுக்கிறார். 13 காற்றாலை, எரிபொருள் வேண்டாம், ஆனால் ஒரே ஊர்தான். புதிய அட்டை 34 வந்தால் 21 கீழே இறங்கி இன்றைய சந்தைக்கு வந்துவிடும். 21 கரியிலும் ஓடும் எண்ணெயிலும் ஓடும், இரண்டு எரிபொருளுக்கு 4 ஊர். அதைப் பின்னால் இருப்பவர் கொத்திக்கொண்டு போவார். புதிய அட்டை 14 வந்தாலோ அது 12க்கும் 18க்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும், 21 நகராது. முன்னால் இருப்பவர் எதை வாங்கினாலும் பின்னால் இருப்பவருக்குக் கதவைத் திறந்துவிடக்கூடும் என்பதுதான் அவருடைய தலைவலி.

வரிசையில் கடைசி ஆளுக்கு இன்னொரு சலுகை. மற்ற மூன்று பேரும் ஆளுக்கொன்று வாங்கிவிட்டாலோ ஒதுங்கிவிட்டாலோ போட்டிக்கு ஆள் இல்லை. குறைந்தபட்ச விலைக்கே எடுத்துக்கொள்ளலாம். ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லக்கூட ஆள் இருக்காது. ஆகவே 18க்காக வில்லியனூருடன் மோதி விலையை 30 வரை ஏற்றுவது அபத்தம். அவர் சும்மா இருந்தாலே 21 அவர் மடியில் விழலாம். மாறாக, நல்ல நிலையம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது போனால் அடுத்த மூன்று சுற்றுக்கு வராது என்றால் எவ்வளவு வரை போகலாம்? லைன் சேர்த்து ஒரு ஊருக்கு 18 என்றால், கூடுதலாகக் கொடுக்கும் 18 எலெக்ட்ரோ ஒரு ஊர். நடு ஆட்டத்தில் ஒரு ஊர் சுற்றுக்கு 9 தரும். அந்த நிலையம் பழையதைவிட இரண்டு ஊர் அதிகம் கொடுத்து, அந்த இரண்டு ஊரும் ஏற்கெனவே கட்டிக் காத்திருக்கிறது என்றால் 18 கூடக் கொடுக்கலாம், ஒரே சுற்றில் வந்துவிடும். ஊர் இன்னும் கட்டவே இல்லை என்றால் வேண்டாம். நான்கு பேர் ஆட்டத்தில் தொடக்கத்திலேயே நான்கு அட்டைகளை யாரும் பார்க்காமல் எடுத்துவிடுகிறார்கள். அதனால் 25 வரும், 36 வரும் என்று காத்திருப்பவர்கள் வரவே வராத அட்டைக்குக் காத்திருக்கவும் கூடும்.

லைன் இழுப்பதில் செலவு இரண்டு. ஊருக்கு முதல் ஆள் 10, இரண்டாவது ஆள் 15, மூன்றாவது ஆள் 20, அதோடு வரைபடத்தில் எழுதியிருக்கும் இணைப்புச் செலவு. முதல் நிலையில் ஒரு ஊருக்கு ஒருவர்தான். நான்கு பேர் ஆட்டத்தில் யாராவது ஏழாவது ஊர் கட்டியதும் இரண்டாம் நிலை, ஒவ்வொரு ஊரிலும் இரண்டாவது இடம் திறக்கும். இந்த ஏழுக்கு முன்னால்தான் ஆட்டம் உறையும். எல்லோரும் 6 ஊரோடு, கையில் பணத்தோடு, யார் முதலில் கட்டுவார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளியே போக வழியில்லாமல் அடைபட்டிருப்பவர் கட்டவே முடியாது. விசாலமான இடம் உள்ளவர் வேண்டுமென்றே கட்டாமல் அவரை மூச்சு முட்ட வைப்பார். அந்த நேரத்தில் 6இல் நிற்பதும் சின்ன நிலையம் வைத்திருப்பதும் பலம், ஏனென்றால் வரிசையில் கடைசி இடம் உங்களுடையது.

முதல் சுற்றிலேயே இதன் சிறு வடிவம் உண்டு. ஏலம் முடிந்ததும் நிலைய எண்ணை வைத்து வரிசை திரும்பப் போடப்படும். 10ஆம் எண்ணை வாங்கியவர் வரிசையில் முன்னால் போய்விடுவதால் லைன் இழுக்கக் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருக்கும், 3ஐயோ 4ஐயோ வாங்கியவர் வரைபடத்தில் மலிவான மூலையை முதலில் பிடித்துவிடுவார். 10ஆம் எண்ணுக்கான கணக்கு இப்படி: நிலையம் 10, கரி இரண்டுக்கு ஏறத்தாழ 4, முதல் ஊர் 10, இரண்டாவது ஊர் 10உடன் இணைப்பு 5. மொத்தம் 39. மிச்சம் 11, வருமானம் 33. அடுத்த சுற்றுக்குக் கையில் 44. இணைப்பு 5 கிடைக்காமல் 12 ஆகிவிட்டால் 37தான்.

நான்கு பேர் ஆட்டத்தில் நிலையம் மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. நான்காவது வாங்கினால் ஒன்றைத் தூக்கிப்போட வேண்டும். அதிலிருந்த எரிபொருள் மற்ற நிலையத்துக்குப் பொருந்தினால் மாற்றலாம், பொருந்தாவிட்டால் போச்சு. எனவே தூக்கப்போகும் நிலையத்தில் சரக்கு நிரப்பாதீர்கள். இதெல்லாம் இருந்தும் புயல் மட்டும் ஆட்டத்தில் கிடையாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயலைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு, இழுத்த லைன் இழுத்தபடி நிற்பதே அதிசயம்.

முடிவு. நான்கு பேர் ஆட்டத்தில் ஒருவர் 17 ஊர் எட்டியதும், அந்த லைன் கட்டம் முடிந்ததும் ஆட்டம் நிற்கும். ஜெயிப்பவர் அதிக ஊர் கட்டியவர் அல்ல, அந்தச் சுற்றில் அதிக ஊருக்கு மின்சாரம் கொடுக்க முடிந்தவர். சமம் என்றால் கையிருப்புப் பணம் பார்க்கப்படும். எரிபொருள் வாங்கும் கட்டம் லைன் இழுப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது என்பதை மறப்பவர்கள்தான் தோற்கிறார்கள். 18 ஊர் கட்டுவார், மூன்று நிலையமும் சேர்ந்து 14 ஊருக்குத்தான் கொடுக்கும். 31 (மூன்று கரிக்கு 6), 36 (மூன்று கரிக்கு 7), 25 (இரண்டு கரிக்கு 5) மூன்றும் சேர்ந்தால் 18 ஊர் வரும். ஆனால் எட்டு கரி வேண்டும். கடைசியான மூன்றாம் நிலையில் நான்கு பேர் ஆட்டத்துக்குச் சுற்றுக்கு 4 கரிதான் வருகிறது, முதல் ஆளாக வரிசையில் நின்றால் அந்த எட்டு உங்களுக்குக் கிடைக்காது. அதற்கு முந்தைய சுற்றிலேயே இரட்டிப்பாக வாங்கி வைத்தவர் ஜெயிப்பார்.

நாளுக்கு ஒரு முறை வந்து ஆடிவிட்டுப் போகும் ஆன்லைன் ஆட்டத்தில் ஏலம்தான் நாட்களைத் தின்னும். 18, 19, 20 என்று ஒவ்வொன்றாக ஏற்றாதீர்கள். உங்கள் உச்ச வரம்பு 24 என்றால் நேராக 23 கேளுங்கள். மற்றவருடைய பணம் திரையில் மறைந்திருந்தாலும் பரவாயில்லை. வருமானமும் வாங்கிய விலையும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஒரு காகிதத்தில் நான்கு பத்தி போட்டு எழுதிவந்தால், பாகூர்க்காரரிடம் 22தான் இருக்கிறது, 23 என்றால் அவரால் முடியாது என்பது அவருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.